14 அடி அலுமினிய வள்ளம்: பின்பலகை உளுத்துப்போச்சு, ரிவெட்டால தண்ணி வருது. எதில தொடங்கிறது?

கரையோரம்:

வணக்கம். 14 அடி அலுமினிய வள்ளம் ஒண்டு டிரெயிலரோட மலிவாக் கைக்கு வந்திருக்கு. ரிவெட் அடிச்சது, வீ வடிவ அடி, மூண்டு சீட். பிராண்ட் ஸ்டிக்கர் எல்லாம் அழிஞ்சு போச்சு. ஒன்டாரியோவில சிம்கோ லேக்கிலயும் ரைஸ் லேக்கிலயும் பேர்ச், பாஸ் மீன் பிடிக்கத்தான் எண்ணம். 9.9 குதிரைவலு மோட்டர் ஒண்டு இருக்கு, பிறகு 15க்குப் போகலாம்.

வள்ளத்தின்ர நிலைமை இது: மோட்டர் கொழுவுற பின்பலகைக்குள்ள ஸ்குரூட்ரைவரைக் குத்தினா பிடி வரைக்கும் போகுது. பின் சீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கிற ஃபோமை அமத்தினா தண்ணி வடியுது. நடுச் சீட்டுக்கு முன்னால, கீலை (அடியில நடுவால ஓடுற முதுகு) ஒட்டி, ஏழெட்டு ரிவெட்டைச் சுத்திக் கருஞ்சாம்பல் கறை. தரைப்பலகை பஞ்சு. பெயின்ட் மூண்டு நிறம், ஒண்டுக்கு மேல ஒண்டு.

யோசிச்சு வைச்சிருக்கிறது: பிரஷர் ட்ரீட்டட் பிளைவூட்டில புதுப் பின்பலகை, ஒழுகிற இடமெல்லாம் சிலிக்கன், நடுச் சீட்டை வெட்டி எடுத்துப்போட்டு நிண்டு தூண்டில் வீச ஒரு தட்டு, கடைசியாப் பெயின்ட். இது சரியோ? எதில தொடங்கலாம்?

கடலோடி:

பெயின்ட் கடைசி எண்டது மட்டும் சரி. மற்ற மூண்டையும் கைவிடுங்கோ.

ட்ரீட்டட் பலகையை அலுமினியத்துக்குக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ. இப்ப கடையில வாற ட்ரீட்டட் மரத்தில பூஞ்சையைக் கொல்லுற மருந்தே செம்புதான். ஈரமான செம்பு உப்பு அலுமினியத்தோட ஒட்டிக்கொண்டு இருந்தா, அரிபடுறது அலுமினியம். முதலில வெள்ளைப் பொடி தெரியும், பிறகு ஊசித்துளை. பின்பலகை ரெண்டு தகட்டுக்கு நடுவில மூடிக் கிடக்கிறதால நடக்கிறதே கண்ணில படாது. தகடு பொத்தலான பிறகுதான் விளங்கும். மரம் உளுத்தா மாத்தலாம், பின்தகடு போனா வள்ளம் போனமாதிரித்தான்.

மரைன் பிளைவூட் எடுக்கலாம். காசைப் பாத்தா, வெளிப்பாவனைக்கு எண்டு வாற டக்ளஸ் ஃபிர் பிளைவூட்டை நல்ல பசையோடயும் எப்பொக்ஸியோடயும் போட்டாலும் நிண்டுபிடிக்கும். மரைன் பலகையின்ர பெறுமதி உள்ளடுக்கில இடைவெளி இல்லாததுதான். அதுவும் உளுக்கிற மரமே. காப்பாத்திறது பூச்சு.

வெட்ட முதல் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேணும். வள்ளத்தை டிரெயிலரிலயே வைச்சு, வெளிப்பக்கத்தை நல்லாக் காயவிட்டு, உள்ளுக்குத் தண்ணி விடுங்கோ. முழுக்க நிரப்பிறேல்லை. தரையில 4 அங்குலம் நிண்டாலே 14 அடி வள்ளத்தில 300 கிலோவுக்கு மேல வரலாம். ரோலர் டிரெயிலர் எண்டா அந்தப் பாரம் முழுக்க ரெண்டு மூண்டு புள்ளியில இறங்கும், கீல் நெளியும். அதனால டிரெயிலர் மூக்கை ஜாக்கில உயத்தி பின்பக்கம் மட்டும் 4 அங்குலம் நிக்கிற அளவுக்கு விட்டு ஒரு மணித்தியாலம் பாருங்கோ. பிறகு மூக்கைப் பதிச்சு முன்பாதிக்கும் அப்பிடியே. ஒழுகிற ஒவ்வொரு ரிவெட்டையும் வெளியில மார்க்கரால வட்டம் போடுங்கோ. துளி விழுற இடம் ஒழுக்கு இல்லை. தண்ணி கீல் வழியா ஓடி வந்து தாழ்ந்த இடத்தில சொட்டும். ஈரம் தெரியிற ஆக மேலான புள்ளிதான் ஒழுக்கு.

முதலில சந்தேகப்பட வேண்டியது வடிகுழாயை. ரிவெட் ஒழுகுது எண்டு நினைக்கிறதில பாதி, பின்பலகைக்குள்ளால போற அந்தக் குழாயின்ர விளிம்பால வாறதுதான். உங்கட மரம் உளுத்ததும் பெரும்பாலும் அங்க தொடங்கியிருக்கும்.

இனிப் பின்பலகை. மோட்டரைக் கழட்டி, மேல்விளிம்பு மூடுதகட்டையும் ரெண்டு மூலை மூடுதகட்டையும் ரிவெட்டை ட்ரில் பண்ணி எடுங்கோ. பின் சீட்டோட பின்பலகையை இணைக்கிற முக்கோணத் தாங்கி ஒண்டு நடுவில இருக்கும், அந்தப் போல்ட்டுகள் துருவோடயும் வெள்ளைப் பொடியோடயும் இறுகிக் கிடக்கும். ஸ்பானரால மல்லுக்கட்டித் தகட்டைக் கிழிக்கிறதை விட, தலையைக் கிரைண்டரால வெட்டி விடுறது நல்லம். கிரைண்டர் பிடிக்கேக்க வெளிப்பக்க வலது மேல் மூலையில கவனம், ஏன் எண்டு கீழ யாராவது சொல்லுவினம்.

பழைய மரத்தைத் துண்டு துண்டா எண்டாலும் எடுத்துப் பொருத்தி கார்ட்போர்ட்டில வரைஞ்சு வையுங்கோ. பின்பலகை சாய்வா நிக்கிறதால கீழ்விளிம்பு நேரா வராது, சரிவா வெட்ட வேணும். அந்தச் சரிவுக் கோணத்தையும் பழைய மரத்திலயே அளந்துபோடுங்கோ. ஒரு 4க்கு 8 பலகையில ரெண்டு அடுக்கும் வந்திடும், ரெண்டு பலகை வாங்கத் தேவையில்லை.

ஒட்டேக்க ரெண்டு முகத்துக்கும் முதலில வெறும் எப்பொக்ஸி பூசி மரம் குடிக்க விடுங்கோ. பத்து நிமிசத்தால சிலிக்காப் பொடி கலந்து மயோனைஸ் பதத்துக்கு வந்த எப்பொக்ஸியைத் தடவிப் பொருத்துங்கோ. கிளாம்பை இறுக்கோ இறுக்கெண்டு இறுக்கக்கூடாது. எப்பொக்ஸி வெளியில பிதுங்கி, நடுவில பசை இல்லாமப் போகும். விளிம்பெல்லாம் மெல்லிய வரியாப் பிதுங்கினாப் போதும். மரப்பசையில ஒட்டிறவைக்குத்தான் பலமான கிளாம்ப் வேணும். இந்த ரெண்டு பழக்கத்தையும் மாத்திச் செய்யிற ஆக்கள் நிறைய.

பிறகு மூண்டு பூச்சு. வெட்டுவிளிம்புக்கு இன்னும் ஒண்டு கூட, ஏனெண்டா மரம் தண்ணி குடிக்கிறது முகத்தால இல்லை, விளிம்பால. இடையில ஒரு பூச்சு இறுகிப்போச்சு எண்டா மேல மெழுகு மாதிரி ஒரு படலம் நிக்கும். தண்ணியும் தேய்க்கிற பச்சைப் பஞ்சும் போட்டுக் கழுவின பிறகுதான் அடுத்தது. 15 பாகை செல்சியஸுக்குக் கீழ குளிரான கராஜில கலக்காதேங்கோ. முழு வேலைக்கும் ஒரு லீட்டர் கிட் காணும்.

போல்ட் துளைதான் ஆகலும் முக்கியம். 5/16 அங்குல போல்ட்டுக்கு மரத்தில 1/2 அங்குலம் துளைச்சு, பின்பக்கம் டேப் ஒட்டி, கெட்டியான எப்பொக்ஸியால நிரப்பி, இறுகின பிறகு நடுவில 5/16 துளையுங்கோ. சீலன்ட் எப்பவோ ஒருநாள் விட்டாலும் தண்ணி மரத்தைத் தொடாது. வடிகுழாய்த் துளைக்கும் இதே வேலை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டின்ர மரையில டெஃப்-ஜெல் (இறுகிப் பிடிக்காமத் தடுக்கிற பசை) தடவிப் பூட்டுங்கோ, இல்லாட்டி அடுத்த முறை கழட்டேக்க அதுகும் கிரைண்டருக்குத்தான் போகும்.

மரம் அடித்தகட்டில குந்தக்கூடாது. கால் அங்குலம் இடைவெளி விட்டால் உள்ள போற தண்ணி வடிகுழாய்ப் பக்கம் ஓடும்.

தகரப்பெட்டி:

ரிவெட் கதையை நான் சொல்லுறன்.

சிலிக்கன் வேண்டவே வேண்டாம். அசையிற ரிவெட்டில சிலிக்கன் ஒரு சீசனும் நிக்காது. அதை விடக் கேடு, அது பட்ட இடத்தில பிறகு பெயின்டும் ஒட்டாது, எப்பொக்ஸியும் ஒட்டாது.

கருஞ்சாம்பல் கறை எண்டா ரிவெட் துளைக்குள்ள ஆடுது, ஆடி ஆடித் தேஞ்ச அலுமினியப் பொடிதான் அந்தக் கறை. நடுச் சீட்டுக்கு முன்னால வாறது வழமை, அலையில வள்ளம் அடிபடுற இடம் அது. இன்னொரு காரணம் மாரி. கீல் இடுக்கில தண்ணி தங்கி உறைஞ்சா ஐஸ் பெருத்துத் தகட்டையும் விலாவையும் (உள்ள குறுக்கால போற சட்டம்) பிரிக்கும், ரிவெட் இழுபடும்.

எல்லா ரிவெட்டையும் மாத்தத் தேவையில்லை. தலை நல்லா இருந்தா இறுக்கிப் பாருங்கோ. உள்ள ஒராள் 3, 4 இறாத்தல் இரும்புக் கட்டையை ரிவெட் வாலோட (உள்ள நீட்டிக்கொண்டு நிக்கிற முனை) நேரா, அமத்திப் பிடிக்க வேணும். வெளிய மற்றாள் ஏர் ஹாமரில குழிஞ்ச ரிவெட் செட்டை (ரிவெட் தலையில வைச்சு அடிக்கிற முனை) போட்டு ரெண்டு மூண்டு செக்கன் அடிக்க வேணும். சாதாரண ஏர் ஹாமருக்கு 0.401 அங்குலத் தண்டுள்ள செட் சரிவரும். ஆனா ரெகுலேட்டரில காத்தழுத்தத்தை 40 பிஎஸ்ஐயில தொடங்குங்கோ. 90இல விட்டா தகட்டில பிறை பிறையா வெட்டு விழும். கட்டை பிடிக்கிறவர் "சரி" எண்டு சொல்லாமல் ட்ரிகரை அமத்தக்கூடாது. கட்டை இல்லாத பக்கம் அடிச்சா ரிவெட் வெளிய தள்ளுப்பட்டு இன்னும் லூசாகும்.

தலை தேஞ்சது, வெடிச்சது, அடிச்சும் இறுகாதது மட்டும் மாத்துங்கோ. தலை நடுவில சென்டர் பஞ்ச் வைச்சு, ரிவெட்டை விடச் சின்ன பிட்டால தலை ஆழத்துக்கு மட்டும் துளைச்சு, தலையைத் தட்டிக் கழட்டி, உடம்பைப் பஞ்சால தள்ளுங்கோ. முழுக்கத் துளைச்சா துளை முட்டை வடிவாகும்.

புது ரிவெட் பெரும்பாலும் 3/16 அங்குலம், துளை 11ஆம் நம்பர் பிட், அதாவது 0.191 அங்குலம். நீளம் எடுக்கிறது எப்பிடி எண்டா, தகடுகளின்ர மொத்தத் தடிப்போட விட்டத்தின்ர ஒண்டரை மடங்கைக் கூட்டுங்கோ. தகடு 0.063, விலா 0.080 எண்டா 0.143. அதோட 0.281. மொத்தம் 0.424, ஆகவே 7/16 அங்குல ரிவெட். அடிச்சு முடிய வால் விட்டத்தின்ர ஒண்டரை மடங்கு அகலம், அரை மடங்கு உயரம் வரவேணும். அதை விடச் சப்பையா அடிச்சா விளிம்பு வெடிக்கும், குறைவா அடிச்சாத் துளை நிரம்பாது. அடிக்க முதல் தலைக்குக் கீழ சீலன்ட் ஒரு பொட்டு.

கலப்பு உலோகத்தைப் பாத்து வாங்குங்கோ. தலை நடுவில மேலெழும்பின சிலுவை அடையாளம் இருந்தா 5056, அதுதான் வேணும். குழிப்புள்ளி இருந்தா 2117. விமானக் கடையில மலிவா வாறது அதுதான், அதுக்குள்ள செம்பு இருக்கு, ஈரத்துக்கு நல்லதில்லை.

கை போகாத இடம் (முன்மூக்கு, சீட்டுப் பெட்டிக்குக் கீழ) எண்டா பொப் ரிவெட் (ஒரு பக்கத்தால நடு ஆணியை இழுத்துப் பூட்டுறது) போடலாம். ஆனா நுனி மூடின வகை, உடம்பும் ஆணியும் ரெண்டும் அலுமினியம். சாதாரண பொப் ரிவெட்டுக்கு நடுவில ஓட்டை, அதுக்குள்ளாலயே தண்ணி வரும். இரும்பு ஆணி உள்ளது துருப்பிடிச்சு விழும். த்ரீ-எம் 5200 எண்ட ஒட்டுச் சீலன்டில தோய்ச்சுப் போட்டு ஒரு கிழமை விடுங்கோ, அது காய நேரமெடுக்கும். பிறகு கழட்ட நினைக்கிற சாமானுக்கு 5200 போடாதேங்கோ, கழராது. அதுக்கு 4200.

ரிவெட் வேலை முடிஞ்ச பிறகு கீல் மூட்டு, விலாவோரம் எல்லாத்துக்கும் உள்பக்கத்தால குளுவிட் எண்ட எப்பொக்ஸியைத் தூரிகையால ஓடவிடலாம். மெல்லிசா இருக்கிறதால இடுக்குக்குள்ள இறங்கும், இறுகினாலும் கொஞ்சம் வளையும். அதை ரிவெட்டுக்குப் பதிலா நினைக்கிறவை அடுத்த வருசம் திரும்பவும் பூசுவினம்.

வெல்டிங், காஸ் டோர்ச்சில உருக்கிற பிரேசிங் கம்பி ரெண்டும் இந்த மெல்லிய ரிவெட் வள்ளத்துக்குச் சரிவராது. சூட்டில பக்கத்து ரிவெட் லூசாகும், மூட்டுச் சீலன்ட் எரியும், கெட்டியாக்கின தகடு அந்த இடத்தில மென்மையாகும். வெடிப்பு இருந்தா ரெண்டு நுனியிலயும் 1/8 அங்குலத் துளை போட்டு நிப்பாட்டி, 5052 எண்ட அலுமினியக் கலப்புத் தகட்டை மேல வைச்சு ரெண்டு வரிசை ரிவெட். ரிவெட் நடுவுக்கும் ஒட்டுத்தகட்டு விளிம்புக்கும் குறைஞ்சது விட்டத்தின்ர ரெண்டு மடங்கு.

கரையோரம்:

நன்றி அண்ணைமார். ரெண்டு கேள்வி. பழைய பின்பலகைத் தடிப்பு ஒண்டரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கடைப் பலகை முக்கால் எண்டு எழுதியிருந்தாலும் அளந்தா 18 மி.மீ.தான். ரெண்டு சேர்த்தா 36. அந்த 2 மி.மீ. என்ன செய்யிறது?

மற்றது, பழைய வடிகுழாய் பித்தளை. அதையே திரும்பப் போடலாமோ?

கடலோடி:

நல்லா அளந்திருக்கிறீங்கள் தம்பி. நடுப்பசையும் வெளிப்பூச்சும் சேர்ந்து ஒரு மி.மீ. அளவு தரும். மிச்சத்துக்கு உள்ள இறக்கேக்க வெளித்தகட்டுப் பக்கம் சீலன்டைப் பல்லுள்ள பூச்சுக்கரண்டியால வரிவரியாத் தடவி, போல்ட்டை மெல்ல இறுக்குங்கோ. ஒரேயடியா இறுக்கினாத் தகடு குழியும். மோட்டர் கிளாம்ப் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. பின்பலகை உயரத்தை மட்டும் மாத்தாதேங்கோ. குட்டைத் தண்டு மோட்டருக்கு 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20. ஒரு அங்குலம் கூடினாலே விசிறி காத்தை இழுக்கத் தொடங்கும்.

பித்தளையிலயும் செம்புதான். நன்னீரில மெதுவா அரிக்கும் எண்டாலும், துளையைத் திறந்தாச்சு, அலுமினியக் குழாயோ பிளாஸ்டிக் ஃபிட்டிங்கோ போட்டுவிடுங்கோ. இதே காரணத்துக்கு, வள்ளத்தின்ர அடியில செப்புக் காசு, ஈயக்குண்டு விழுந்து கிடக்க விடாதேங்கோ. சின்ன வட்டமாப் பள்ளம் விழுந்திருக்கிற அலுமினிய வள்ளங்களில அதுக்குக் காரணம் பலதரம் அதுதான்.

மினசோட்டா மீனவன்:

பெயின்ட் பத்தி நான் சொல்றேன். இங்க எங்க ஊர்ப்பக்கம் லண்ட், அலுமாகிராஃப்ட்னு அலுமினிய போட் பிராண்ட்ல தெருவுக்கு ரெண்டு பழைய போட் நிக்கும், எல்லாத்திலயும் பெயின்ட் உரிஞ்சு தொங்குறதுக்குக் காரணம் ஒண்ணுதான்: அடிவேலை சரியில்ல.

பழைய பெயின்டை இரும்பு வயர் பிரஷ்ஷால சுரண்டாதீங்க. இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு, பெயின்டுக்குக் கீழ கொப்புளமா வரும். கிரைண்டர்ல மாட்டுற, பஞ்சு மாதிரி இருக்கிற ஸ்ட்ரிப் டிஸ்க்தான் நல்லது. மணல் அடிக்கவும் கூடாது, இந்தத் தகடு வளைஞ்சுடும். உள்ள மஞ்சளோ மஞ்சப்பச்சையோ பிரைமர் தெரிஞ்சா நிறுத்துங்க. அது ஜிங்க் குரோமேட்டா இருக்கலாம், அதோட தூசி புற்றுநோய் வரவைக்கும். காஞ்ச நிலையில தேய்க்காம, ஈரமா வெச்சு, பி100 ரக தூசி மாஸ்க் போட்டுத்தான் எடுக்கணும்.

அப்புறம் வரிசை முக்கியம். முதல்ல எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கணும், அப்புறம்தான் தேய்க்கணும். மாத்திப் பண்ணினா பிசுக்கை கீறல்களுக்குள்ளயே தேய்ச்சு விட்ட மாதிரி ஆயிடும். அசிட்டோன் துணியை அடிக்கடி மாத்துங்க. 80ல இருந்து 120 வரைக்கும் கிரிட் மணல்தாள் போதும், அதுக்கு மேல வழுவழுப்பா ஆக்கினா பிரைமருக்குப் பிடிமானம் இருக்காது. சுத்தமாச்சான்னு பார்க்க தண்ணி தெளிங்க. தண்ணி விரிஞ்சு படலமா நின்னா சரி. முத்து முத்தா உருண்டா இன்னும் பிசுக்கு இருக்கு.

தேய்ச்ச அலுமினியத்து மேல ஆக்ஸைடு உடனே படிய ஆரம்பிக்கும். தேய்ச்ச அன்னிக்கே, ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள பிரைமர் போகணும். அதனால முழு போட்டையும் சனிக்கிழமை தேய்ச்சு ஞாயித்துக்கிழமை பிரைமர்ங்கிற திட்டம் வேண்டாம். ஒரு பக்கம் தேய்ச்சு, ஒரு பக்கம் பூசுங்க. ரெண்டு பாகமா கலக்கிற எப்பாக்ஸி பிரைமர் நல்லா பிடிக்கும். டப்பாவுல எழுதியிருக்கிற நேரத்துக்குள்ள மேல்பூச்சு போயிடணும், தாண்டினா மறுபடி லேசா தேய்க்கணும். அமிலம் கலந்த செல்ஃப் எட்ச் பிரைமர் ஸ்ப்ரேக்கு மேல எப்பாக்ஸி பிரைமர் போடுறவங்க உண்டு. அந்த அமிலம் எப்பாக்ஸியை சரியா இறுக விடாது, ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க.

மேல்பூச்சுக்கு ஒரு பாக பாலியுரேத்தேன் போதும், ஏன்னா உங்க போட் டிரெய்லர்ல நிக்கப்போகுது, மாசக்கணக்கா தண்ணியில கிடக்கப் போறதில்ல. அடிப்பக்கம் பாசி பிடிக்காத பெயின்ட்னு யாராச்சும் சொன்னா டப்பாவைத் திருப்பிப் படிங்க, செம்பு ஆக்ஸைடுன்னு இருந்தா அலுமினியத்துக்கு ஆகாது. என்னைக் கேட்டா, தண்ணிக்கோட்டுக்குக் கீழ பெயின்டே வேண்டாம். நன்னீர்ல வெறும் 5052 தகடு காலத்துக்கும் நிக்கும். சரளையில ஏத்தி இறக்குறப்ப முதல்ல போறது அந்தப் பெயின்ட்தான்.

கவார்த்தா:

வலது மேல் மூலை எண்டு கடலோடி சொன்னது வள்ள இலக்கத்தை, எச்.ஐ.என். கனடாவில 1981 ஓகஸ்ட் 1க்குப் பிறகு கட்டினதுக்கெல்லாம் அது இருக்க வேணும். 12 எழுத்து. முதல் மூண்டும் கம்பனி, பிறகு ஐந்து தொடர் இலக்கம், கடைசி நாலு திகதி. C எண்டா மூண்டாம் மாசம், ஆகவே C686 எண்டு முடிஞ்சா 1986 மார்ச், 86 மொடல். பிராண்ட் தெரியாட்டியும் முதல் மூண்டெழுத்தை வைச்சுக் கம்பனியைக் கண்டுபிடிக்கலாம். அதைக் கிரைண்டரால வழிச்சாலோ, மேல தகடு போட்டு மறைச்சாலோ பிறகு உரிமப் பதிவில வில்லங்கம்.

9.9க்கு வள்ள உரிமம் கட்டாயமில்லை, 10 குதிரைவலுவில இருந்துதான். 15க்குப் போனா எடுக்க வேணும், இலக்கத்தை முன்பக்கம் ரெண்டு பக்கமும் 3 அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில ஒட்டவும் வேணும். வள்ளம் ஓட்டுற ஆளுக்கு ஓட்டுனர் அட்டை 9.9க்கும் வேணும். 15 பூட்ட முதல் வள்ளத்தில அடிச்சிருக்கிற கொள்ளளவுத் தகட்டில எவ்வளவு குதிரைவலு வரைக்கும் எண்டு போட்டிருக்கு பாருங்கோ. பின்பலகை புதுசு எண்டதுக்காக அந்த அளவு கூடாது.

இனி ஃபோம். ஈர ஃபோமை எடுத்து எறியிறது சரி, திரும்பப் போடாம விடுறதுதான் பிழை. கனக்கப் பேர் சீட்டுப் பெட்டியைச் சாமான் வைக்கிற இடமாக்கிப் போடுவினம். அலுமினியம் தண்ணிக்குள்ள தன்ர பாரத்தில மூண்டில ஒரு பங்குக்குச் சற்றுக் கூடத்தான் இழக்கும். 250 இறாத்தல் வள்ளம் கவிழ்ந்து நிரம்பினா 155 இறாத்தலுக்கு மேல அடிக்கு இழுக்கும், மோட்டர் வேற. ஒரு கன அடி காய்ஞ்ச ஃபோம் ஏறத்தாழ 60 இறாத்தலைத் தாங்கும். 2 அடிக்கு 8 அடி, 2 அங்குலத் தடிப்புள்ள பிங்க் ஃபோம் போர்ட் (வீட்டுச் சுவருக்குக் குளிர்காப்பா வைக்கிறது) ஒண்டு 2.67 கன அடி, 160 இறாத்தல். மூண்டு போர்ட் வெட்டிச் சீட்டுப் பெட்டிகளுக்குள்ள அடுக்கினா வள்ளம், மோட்டர், பிடிச்சுத் தொங்கிற ஆக்கள் எல்லாத்துக்கும் காணும். மோட்டர்ப் பாரம் பின்னால இருக்கிறதால கூடுதல் பங்கு பின்னால, அதுவும் இயன்றளவு ரெண்டு பக்கமும் உயரத்தில. தரைக்குக் கீழ மட்டும் அடைச்சா நிரம்பின வள்ளம் தலைகீழாப் பிரளும்.

ஊத்தி விரியிற ஃபோம் தண்ணி வடிய இடம் விடாது, உங்கட பழையது நனைஞ்சதும் அப்பிடித்தான். போர்ட்டை வெட்டி வைச்சு, கீழ அரை அங்குலம் விட்டா வடியும், வேணுமெண்டாக் கழட்டியும் பாக்கலாம். ஒரு குறை, பெற்றோல் பட்டாப் பிங்க் ஃபோம் கரைஞ்சு போகும். டாங்க் வைக்கிற பெட்டிக்குள்ள அதை வைக்காதேங்கோ.

நடுச் சீட்டு ஆக்கள் இருக்க மட்டும் போட்டதில்லை. ரெண்டு பக்கச் சுவரையும் இழுத்துப் பிடிக்கிற குறுக்குச் சட்டம் அதுதான், மிதவையில ஒரு பங்கும் அதுக்குள்ள. வெட்டி எடுத்தா வள்ளம் அலையில விரிஞ்சு சுருங்கும், இப்ப இறுக்கின ரிவெட்டெல்லாம் திரும்ப ஆடும். தட்டு வேணுமெண்டா முன் சீட்டுக்கும் நடுச் சீட்டுக்கும் இடையில, சீட்டு உயரத்துக்கு மேல போகாமப் போடுங்கோ. ஒண்டரை அங்குல 6061 அலுமினியக் கோணச்சட்டத்தைச் சீட்டிலயும் விலாவிலயும் பூட்டி, மேல அரை அங்குலப் பலகை. அடித்தகட்டில ஒரு ஸ்குரூவும் இறக்கக்கூடாது. அரை அங்குல முழுப்பலகை ஒண்டு 40 இறாத்தல் வரும், எப்பொக்ஸியும் வினைலும் சேர இன்னும் கூடும். கார்ப்பெட் ஒட்டாதேங்கோ, ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

வயர் இழுக்கேக்க காரில மாதிரி உடம்பை எர்த்தாப் பாவிக்கக்கூடாது. ஒவ்வொரு லைட்டுக்கும், பம்புக்கும் ரெண்டு வயர், நெகட்டிவ் திரும்ப பட்டரிக்கே போகவேணும். இல்லாட்டித் தகட்டுக்குள்ளால மின்சாரம் ஓடி அரிப்புத் தொடங்கும். பியூஸ் பட்டரியில இருந்து 7 அங்குலத்துக்குள்ள.

கரையோரம்:

சரி, நடுச் சீட்டு நிக்கட்டும். ட்ரீட்டட் பலகை இன்னும் வாங்கேல்லை, நல்ல காலம். கடைசியா ஒண்டு: தண்ணிச் சோதனையை ஃபோமை எடுக்க முதல் செய்யிறதோ, பிறகோ? ஒழுக்கு பின் சீட்டுக்குக் கீழயும் இருக்கலாம்தானே.

தகரப்பெட்டி:

எடுத்த பிறகு. ஃபோம் கிடந்தா அதுவே தண்ணியைக் குடிச்சு ஒழுக்கை மறைக்கும், அதுக்குள்ள இருக்கிற பழைய தண்ணி வேற ரெண்டு நாள் வடிஞ்சு உங்களைக் குழப்பும். பின் சீட்டு மேல்தகட்டு ரிவெட்டைத் துளைச்சு எடுங்கோ, எப்பிடியும் பின்பலகை வெளிய வர அது வேணும். ஃபோமை வழிச்சு, ரெண்டு நாள் காயவிட்டுப் பிறகு சோதனை. ரிவெட், குளுவிட் முடிய, பின்பலகையும் போட்ட பிறகு, பெயின்டுக்கு முதல் இன்னொருக்காத் தண்ணி விட்டுப் பாருங்கோ. ஃபோமும் தரையும் அதுக்குப் பிறகுதான்.

கவார்த்தா:

ரெண்டாம் சோதனை முடிய வடிகுழாய் அடைப்பைக் கழட்டியே வைச்சிருங்கோ. ஒன்டாரியோவில 2022இல இருந்து வள்ளத்தை ரோட்டில கொண்டுபோகேக்க அடைப்பைக் கழட்டித் தண்ணியை வடிச்சிருக்க வேணும், செடி கொடியும் தட்டியிருக்க வேணும். ஒரு லேக்கில இருந்து மற்ற லேக்குக்கு சீப்ரா மசல் எண்ட அந்நியச் சிப்பி போகாமத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். அடைப்பை ஒரு நூலில கட்டி மோட்டர்க் கைபிடியில தொங்கவிட்டா, இறக்கிற துறையில பூட்ட மறக்காது.